பவனியின் முன்வரிசை

வணக்கம்.

சிசிலி மாஃபியா பற்றிய கட்டுரையில், 1992ல் நீதிபதிகள் ஃபால்கோனேயும் போர்செல்லினோவும் கொல்லப்பட்டதை விரிவாக எழுதியிருந்தீர்கள். அடுத்த ஆண்டு ஒரு பங்குத்தந்தையையும் சுட்டார்கள் என்று கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யாரென்று தேடிப் பார்த்தேன். பினோ புலீசி. பலெர்மோ நகரில் பிராங்காச்சோ என்ற பகுதியின் பங்குத்தந்தை. திருச்சபை அவரை மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர், என்று அறிவித்திருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். அவர் கேட்டதெல்லாம் பள்ளிக்கூடமும் பிள்ளைகளுக்கு ஒதுங்க ஓர் இடமும்தான். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லி யாரும் அவரை மிரட்டவில்லை. கொன்றவர்களும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்களே. ஒரு நல்ல சமூக சேவகரைத் திருச்சபை தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்றுதானே சொல்ல வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

ஒரு வரியில் கடந்தது என் பிழைதான். நீதிபதிகளின் சாவில் குண்டுவெடிப்பு இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது, எழுதுகிறவனுக்கு வசதி. புலீசியின் கதையில் இருப்பவை இடிந்துவிழும் நிலையில் ஒரு கோயில் கூரை, நகராட்சிக்குப் போன மனுக்கள், தெருவில் திரிந்த பையன்கள்.

அவர் பிராங்காச்சோவிலேயே 1937ல் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா தையல்காரி. 1960ல் குருவானார். 1970 முதல் 1978 வரை கொத்ரானோ என்ற மலைக்கிராமத்தில் பங்குத்தந்தை. குடும்பங்களுக்கு நடுவே கொலைப்பகை ஓடிக்கொண்டிருந்த ஊர் அது. பிறகு நகரத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் மறைக்கல்வி ஆசிரியர். தன் வழுக்கையையும் பெரிய காதுகளையும் தானே கேலி செய்துகொள்வாராம். 1990 செப்டம்பரில் பிறந்த இடத்துக்கே, புனித கயத்தான் கோயிலுக்குப் பங்குத்தந்தையாகத் திரும்பினார்.

பிராங்காச்சோ அப்போது மாஃபியாத் தலைவர்களான கிராவியானோ சகோதரர்களின் கைக்குள் இருந்தது. தொடக்கப்பள்ளி உண்டு, நடுநிலைப்பள்ளி கிடையாது. 11 வயதில் பையன் தெருவுக்கு வந்துவிடுவான். கள்ளச் சிகரெட், சில்லறைத் திருட்டு, பிறகு போதைப்பொருள் என்று அவனுக்கு வேலை காத்திருக்கும். ஹாசோன் தெருக் குடியிருப்பின் நிலவறைகளில் அந்தத் தொழிலெல்லாம் நடந்தது. அந்த நிலவறைகளை நகராட்சி கையகப்படுத்த வேண்டும், அங்கே பள்ளி வேண்டும் என்று குடியிருப்போர் குழு கேட்டது. புலீசியும் அவர்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். 1993 ஜனவரியில் கோயிலுக்கு எதிரில் 'எங்கள் தந்தை மையம்' திறந்தார். நாம் செபிக்கும் அதே 'எங்கள் தந்தையே'தான். சிசிலி மாஃபியா தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கோசா நோஸ்த்ரா', 'எங்கள் விவகாரம்' என்று பொருள். அவர்களுடைய 'எங்கள்' இருந்த தெருவில் இவர் தன்னுடைய 'எங்கள்' பலகையை மாட்டினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் பள்ளிக்கூடத்தைவிடத் திருவிழாவில்தான் அதிகம் இருக்கிறது. மாஃபியாக்காரர்கள் தங்களை 'மரியாதைக்குரிய மனிதர்கள்' என்றே அழைத்துக்கொள்வார்கள். மரியாதை என்றால் நாலு பேர் பார்க்கக் கிடைக்க வேண்டும். அதற்குத் திருவிழாப் பவனியைவிடத் தோதான இடம் ஏது? விழாவுக்குப் பணம் கொடுப்பார்கள், பவனியின் முன்வரிசையில் நடப்பார்கள். முதல் மரியாதைக்காக ஊர்கள் வெட்டிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புலீசி அந்தப் பணத்தை வாங்க மறுத்தார், அவர்களை முன்வரிசையில் நடக்க விடவில்லை. கூரை வேலையை இன்ன ஒப்பந்தக்காரருக்குக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள், அதையும் மறுத்தார்.

அந்த அமைப்பில் சேருகிறவன் உள்ளங்கையில் புனிதர் படத்தை எரியவிட்டுச் சத்தியம் செய்கிறான். புனிதர் இல்லாமல் அவர்களுக்குச் சடங்கு இல்லை, கோயில் இல்லாமல் கௌரவம் இல்லை. மறுதலிக்கச் சொல்லி மிரட்டவில்லை என்கிறீர்கள். உண்மைதான், அவர்களுக்குக் கிறிஸ்து வேண்டும், தங்கள் பக்கத்தில் நிற்கிறவராக வேண்டும். 'அவர் உங்கள் பக்கம் இல்லை' என்று ஒரு பங்குத்தந்தை வாரந்தோறும் பீடத்திலிருந்து சொல்வதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் விசுவாசத்தை வெறுத்துக் கொல்ல முடியுமா என்பது ரோமையிலும் எளிதில் தீர்ந்த கேள்வி அல்ல. 2012 ஜூனில்தான் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதல் தந்தார். 2013 மே 25 அன்று பலெர்மோவில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். மாஃபியா கொன்றவர்களில் மறைசாட்சியாக அறிவிக்கப்பட்ட முதல் ஆள் அவர்.

'தன் கணக்கில் எழுதிக்கொண்டது' என்ற உங்கள் கோபத்தை அப்படியே தள்ளிவிடவும் மாட்டேன். புலீசிக்குக் குருப்பட்டம் கொடுத்தவர் கர்தினால் ருஃபீனி. அவர் 1964ல் எழுதிய சுற்றுமடலில், மாஃபியாவைப் பற்றிய பேச்சையே சிசிலி மேல் பூசப்படும் அவதூறுகளில் ஒன்றாகச் சேர்த்தார். அங்கிருந்து 1993 மே 9 வரை வர வேண்டியிருந்தது. அன்று சிசிலியின் அக்ரிஜெந்தோவில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மாஃபியாக்காரர்களைப் பார்த்து, மனம் திரும்புங்கள், கடவுளின் தீர்ப்பு ஒருநாள் வரும் என்று குரலை உயர்த்திச் சொன்னார். ஜூலையில் ரோமையில் இரண்டு கோயில்களுக்கு வெளியே மாஃபியா வைத்த குண்டு வெடித்தது. செப்டம்பரில் புலீசி. திருச்சபை பிந்தித்தான் வந்தது. ஆனால் புலீசி வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவர் அல்ல, அதன் குருமடத்தில் வளர்ந்தவர்தான்.

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1993 ஜூன் 29 அன்று குடியிருப்போர் குழுவில் மூன்று பேரின் வீட்டுக் கதவுகளுக்குத் தீ வைத்தார்கள். புலீசி மறையுரையில் தீ வைத்தவர்களை நேராகவே அழைத்தார்: வாருங்கள், பேசுவோம், உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்ய முயல்கிறவர்களை ஏன் தடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்கிறேன். இந்தப் பொருளில் பேசினார். யாரும் வரவில்லை.

செப்டம்பர் 15 அவருடைய 56வது பிறந்தநாள். அன்றும் திருமணம் நடத்திவைத்திருந்தார். இரவு வீட்டு வாசலில், வழிப்பறி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பையைப் பிடுங்க, இன்னொருவன் பின்னாலிருந்து சுட்டான். 'எதிர்பார்த்ததுதான்' என்று சொல்லிச் சிரித்தார் என்று சுட்டவனே பிறகு வாக்குமூலம் கொடுத்தான். அந்தச் சிரிப்பை வைத்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் தொடவில்லை. கிராவியானோ சகோதரர்கள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அவருக்குச் செய்த மரியாதைகளில் பெரியது எது என்று கேட்டால், பேராலயத்துக் கல்லறையைவிடப் பிராங்காச்சோவின் நடுநிலைப்பள்ளியைத்தான் சொல்வேன். அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு உறுத்தல் உண்டு. பள்ளி திறந்தது 2000ல். அவர் சாகும்போது 11 வயதாயிருந்த பையனுக்கு அப்போது 17.