அல்பா அரசர் இரண்டாம் கென்னத்: தாயாதிப் போர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 971இல் கென்னத் பட்டத்துக்கு வந்தபோது முந்தைய அரசர் குலேனின் சகோதரர் அம்லைப் உயிரோடு இருந்தாரே, அப்படியானால் கென்னத் அரியணையைப் பறித்தவரா?

பதில்: அப்படிக் கொள்வதற்கில்லை. இன்றைய ஸ்காட்லாந்தில் இருந்த கேலிக் அரசான அல்பாவில் மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி கிடையாது. 858இல் மறைந்த முதலாம் கென்னத்தின் மகன்களான கான்ஸ்டன்டைன், ஏய்த் ஆகிய இருவரின் வழிவந்த தாயாதிகள் பல தலைமுறைகளாக மாறி மாறி ஆண்டு வந்தனர். ஏய்த் கிளையைச் சேர்ந்த குலேன், அல்பாவுக்குத் தெற்கே ஸ்ட்ராத்கிளைடில் வாழ்ந்த பழைய பிரித்தானியர் கையால் மாண்டபின், கான்ஸ்டன்டைன் கிளையினரான நம் கென்னத்துக்கு முறை வந்தது. அம்லைப் அதை ஏற்கவில்லை. அயர்லாந்தில் எழுதப்பட்ட அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் 977ஆம் ஆண்டில் அம்லைபைக் கென்னத் கொன்றதைப் பதியும்போது, கொல்லப்பட்டவரையே ‘அல்பாவின் அரசர்’ என்கின்றன. இந்த ஒரு சொல்லுக்காகவே அப்பதிவை நான் மிகவும் மதிக்கிறேன். கென்னத்தின் முதல் ஆறு ஆண்டுகளை எதிர்ப்பற்ற ஆட்சியாக எழுதிவிட முடியாதபடி அது தடுக்கிறது.

கேள்வி: போர் தவிர அவர் செய்தது என்ன?

பதில்: பிரெக்கின் என்னும் ஊரைத் திருச்சபைக்கு அளித்தார்.

கேள்வி: ஃபினெல்லா என்ற பெண், தொட்டால் அம்பு எய்யும் சிலையை வைத்து அவரைக் கொன்றார் என்பது உண்மையா?

பதில்: அது ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கதை. தன் மகனைக் கென்னத் கொன்றதற்காக அவர் பழிவாங்கினார் என்று அது கூறுகிறது. பழைய ஆண்டுக்குறிப்போ 995இல் கென்னத் வஞ்சகத்தால் கொல்லப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஃபெட்டர்கெய்ர்ன் என்ற இடத்தை அரசர் பட்டியல்கள் தருகின்றன. சிலையை நான் நம்பவில்லை. எனினும், தன் மகனுக்கே பட்டம் சேருமாறு கென்னத் மரபை மாற்ற முயன்றதால் தாயாதிகள் சதி செய்தனர் என்று அதே கதை சொல்வதைப் புறந்தள்ள மாட்டேன். ஏனெனில் அடுத்து அரசரானவர், குலேனின் மகன் கான்ஸ்டன்டைன்.

கேள்வி: இந்தப் பகை எப்போது ஓய்ந்தது, ஐயா?

பதில்: கிளைகளுக்கு இடையிலான பகை 997இல் முடிந்தது. அவ்வாண்டு கான்ஸ்டன்டைன் கொல்லப்பட்டபின் ஏய்த் கிளையிலிருந்து எவரும் அரசராகவில்லை. கொலைகள் அதோடு நிற்காமல், வென்ற கிளைக்குள்ளேயே புகுந்தன. இரண்டாம் கென்னத்தின் மகன் மால்கம், தம் பெரியப்பா மகனான மூன்றாம் கென்னத்தை 1005இல் மன்ஸிவேர்டு என்ற இடத்தில் நடந்த போரில் வீழ்த்தி அரசரானார். 1033இல் அக்கிளையின் மற்றொரு வாரிசையும் கொன்றார். மறு ஆண்டு மால்கம் இறந்ததும் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் டங்கன் பட்டமேற்றார். அந்த டங்கனை 1040இல், வடக்கே மொரே பகுதியை ஆண்ட மக்பெத் கொன்றார்.