பழைய கேமை மறுஆக்கம் செய்து இலவசமாக வெளியிடலாமா?

கேள்வி: 1990-களில் வந்த ஒரு சாகச கேமை நானும் இரண்டு நண்பர்களும் மறுஆக்கம் செய்துவருகிறோம். படங்களை நாங்களே வரைந்தோம். இசை மட்டும் பழையது. காசு வாங்கப்போவதில்லை. ‘எல்லா உரிமைகளும் அசல் நிறுவனத்துக்கே’ என்று முதல் திரையிலேயே போட்டுவிடுவோம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. கட்டணம் கொடுத்தால் அனுமதி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த நபருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். இப்படி ‘வாங்கித் தரப்பட்ட’ அனுமதிக் கடிதங்கள் என் மேசைக்கும் வருவதுண்டு. பளபளப்பான தாள், வட்ட முத்திரை, கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. உள்ளே படித்தால், ‘எங்களுக்குத் தெரிந்தவரை இந்த கேமுக்கு யாரும் உரிமை கோரவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். உரிமையாளர் யார், எந்த ஒப்பந்தப்படி இவருக்கு அதிகாரம் கொடுத்தார் என்ற இரண்டும் இருக்காது. அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. அனுமதி தேவை என்று தெரிந்தேதான் இறங்கினீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

உண்மையான அனுமதி உரிமையாளரிடமிருந்துதான் வரும். 1998-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ கேமை ரசிகர்கள் மறுஆக்கம் செய்த ‘பிளாக் மேசா’ இன்று காசுக்கு விற்கப்படுகிறது. விற்க அனுமதித்தது அசலை உருவாக்கிய வால்வ் நிறுவனமே.

அடுத்து, ‘இலவசம்தானே’ என்ற நினைப்பு. இலவசமாகக் கொடுப்பதால் மீறல் மீறலாகாமல் போய்விடாது. உங்கள் முதல் திரை வாசகமும் அப்படித்தான். பொருள் அடுத்தவருடையது என்று நீங்களே எழுதிக் கொடுப்பதைத் தவிர அதில் பயன் ஏதுமில்லை. 1991-இல் வந்த ‘மெட்ராய்டு 2’ கேமின் ரசிகர் மறுஆக்கம் 2016 ஆகஸ்டில் இலவசமாகத்தான் வெளியானது. அசலை வெளியிட்ட நின்டெண்டோ நிறுவனத்தின் புகார்களால் சில நாட்களிலேயே பதிவிறக்க இணைப்புகள் அகற்றப்பட்டன. மறுவருடம் அதே கேமின் மறுஆக்கத்தை நின்டெண்டோவே விற்பனைக்குக் கொண்டுவந்தது!

படங்களை நீங்களே வரைந்தாலும் பாத்திரங்கள் அதே பாத்திரங்கள் என்றால் சிக்கல் தீரவில்லை. 2012-இல் டெட்ரிஸ் தொடர்பான அமெரிக்க வழக்கொன்றில், அதைப் போலவே ஒரு கேமை உருவாக்கிய எதிர்த்தரப்பு, நிரலைத் தாமே எழுதியிருந்தது. ஆட்டத்தின் விதிகள் பொதுவானவை, ஆனால் அதன் தோற்றத்தை அப்படியே எடுத்தது தவறு என்றது நீதிமன்றம். பழைய இசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. பலரும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொள்வதால் விரித்துச் சொல்கிறேன். கேமை இயக்கும் நிரலை மட்டும் நீங்களே எழுதுங்கள். படம், இசை, வசனம் எதையும் தராதீர்கள். விளையாடுகிறவர் தம்மிடமுள்ள அசல் பிரதியின் கோப்புகளை அதில் சேர்த்துக்கொள்வார். 2001-இல் தொடங்கிய ‘ஸ்கம்விஎம்’ என்ற மென்பொருள் இந்த முறையில்தான் பழைய சாகச கேம்களை இன்றைய கணினிகளில் ஓடவைக்கிறது. அசல் நிரலைப் பிரித்துப் பார்த்து வரிக்கு வரி பெயர்த்து எழுதினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சோதனைக்காக வைத்த ஒரே ஓர் ஒலிக்கோப்பு தவறிப்போய் உள்ளே இருந்தாலும் போதும், புகார் வரும். அதை அழித்துவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ணாதீர்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் களஞ்சியத்தின் பழைய பதிவுகளில் அது அப்படியே கிடக்கும். பொதுவில் வைக்கும் முன் களஞ்சியத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். கேமுக்கு வேறு பெயர் வையுங்கள். பெயருக்கு வணிகச் சின்ன உரிமை தனியாக இருக்கும்.

நிறுவனம் பதில் தராதது சம்மதம் ஆகாது. ‘கைவிடப்பட்ட கேம்’ என்று ரசிகர்கள் சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. 2000-இல் வந்த ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ கேமை முறையாக மறுவெளியீடு செய்ய ஒரு நிறுவனம் முயன்றபோது, உரிமை யாரிடம் இருக்கிறது என்பதற்கே பெரிய நிறுவனங்களிடமிருந்து தெளிவான பதில் கிடைக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. தங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தேடிப்பார்க்கக்கூட மனமில்லாதவர்களுக்கு, நிறுவனப் படைப்பென்றால் அமெரிக்கச் சட்டம் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் வரை காவல் நிற்கிறது. யாருக்காக இந்தக் காவல் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

புகார்க் கடிதம் வந்துவிட்டால் முதலில் கோப்புகளை இறக்கிவிட்டு, பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள். பொதுவெளியில் கோபமாக எதையும் எழுதாதீர்கள். அந்த இடைத்தரகருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், அவர் அனுப்பிய மின்னஞ்சல்களையும் பணம் போன கணக்கு விவரத்தையும் அவரிடம் பேசுவதற்கு முன்பே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.