மூன்றாம் நாளில் கரையும் ஆல்ஜினேட் முத்துகள்

கேள்வி: பயோடெக்னாலஜி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2% சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) கரைசலில் எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களைக் கலந்து, சிரிஞ்சு வழியாகக் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டு முத்துகள் செய்தேன். பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக்கரைசலில் மூன்று முறை கழுவி, டிஎம்இஎம் என்ற செல் வளர்ப்பு ஊடகத்தில் போட்டேன். மூன்றாம் நாள் முத்துகள் ஊதிப்போய், பிப்பெட் பட்டாலே உடைகின்றன. உள்ளே செல்கள் பரவாமல் உருண்டையாகவே நிற்கின்றன. செத்துவிட்டனவா? ஆல்ஜினேட்டை 4% ஆக்கிப் பார்க்கட்டுமா? ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியிலிருந்து நானே ஆல்ஜினேட் எடுத்தால் செலவு குறையுமா?

பதில்: 4% ஆக்க வேண்டாம். முதலில் அந்த பிபிஎஸ் பாட்டிலை எடுத்து அலமாரியில் வையுங்கள். உங்கள் முத்துகளைக் கரைத்தது பெரும்பாலும் அதுதான்.

நோன்புக் காலத்தில் வீடுகளில் காய்ச்சுகிற கடல்பாசியைப் பார்த்திருப்பீர்கள். அது அகர், சிவப்புப் பாசியிலிருந்து வருவது. காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் தானாக இறுகிவிடும். ஆல்ஜினேட் பழுப்புப் பாசியின் சரக்கு. அதற்குச் சூடும் ஆறலும் ஒரு பொருட்டே இல்லை, கால்சியம்தான் வேண்டும். ஆல்ஜினேட் என்பது குலுரோனிக் அமிலம், மானுரோனிக் அமிலம் என்ற இரண்டு வகை மணிகளைக் கோத்த நீளமான சர்க்கரைச் சங்கிலி. ஆய்வகங்களில் சுருக்கமாக ஜி, எம் என்போம். ஜி மணிகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் சங்கிலி மடிந்து, குழி குழியாக இருக்கும். இரண்டு சங்கிலிகள் அப்படி எதிரெதிராக வரும்போது நடுக்குழியில் கால்சியம் அயனி போய் உட்காருகிறது. கடையில் இரண்டு முட்டை அட்டைகளுக்கு நடுவே முட்டைகள் உட்கார்ந்திருக்குமே, அதே அமைப்பு. 1973இல் இதை விளக்கியவர்கள் வைத்த பெயரும் முட்டைப்பெட்டி மாதிரி என்பதுதான்.

முட்டையை எடுத்துவிட்டால் அட்டைகள் பிரிந்துவிடும். பிபிஎஸ் அதைத்தான் செய்கிறது. அதில் கால்சியம் கிடையாது. பாஸ்பேட் சுமார் 10 மில்லிமோலார், சோடியம் 140, 150 அளவில் இருக்கிறது. பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்குகிறது, காலியான இடத்தில் சோடியம் வந்து உட்காருகிறது. சோடியத்தால் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. கழுவும்போது முத்துகளைச் சுற்றி லேசாக வெண்மை தட்டியதா? அதுதான் பறிபோன கால்சியம், கால்சியம் பாஸ்பேட்டாக. மூன்று முறை கழுவினேன் என்கிறீர்கள், சுத்தமாகச் செய்கிறோம் என்று நினைத்து மூன்று முறை பறிகொடுத்திருக்கிறீர்கள். செல்களைத் தட்டிலிருந்து எடுக்க ட்ரிப்சின் நொதியோடு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்திருந்தால் அதையும் கவனியுங்கள். செல்களைச் சுழற்றி, மேல்நீரை முழுதாக எடுக்காமல் அப்படியே ஆல்ஜினேட்டில் கலந்தால் மிச்சமிருக்கும் இடிடிஏவும் கால்சியத்தை விழுங்கும்.

சரி, கழுவ என்ன வழி? பாஸ்பேட்டுக்குப் பதில் ஹெப்பஸ் என்ற தாங்கல் பொருள் சேர்த்த உப்புக்கரைசலில் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கலந்து கழுவுங்கள். டிஎம்இஎம்மில் ஏற்கெனவே 1.8 மில்லிமோலார் கால்சியம் உண்டு. ஆனால் சோடியம் அதைப்போல எண்பது மடங்குக்கும் மேல் இருப்பதால் இடமாற்றம் மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். ஊடகத்தில் இன்னும் 1 அல்லது 2 மில்லிமோலார் கால்சியம் சேர்க்கலாம். கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் அங்கேயும் பாஸ்பேட்டோடு சேர்ந்து கலங்கிவிடும். கால்சியம் செல்லுக்கும் ஒரு சமிக்ஞை என்பதால், அதே ஊடகத்தில் சாதாரணத் தட்டில் வளரும் செல்களையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். ஆல்ஜினேட் கரைசலை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) வைத்தீர்களா? வைத்திருந்தால் சங்கிலிகள் துண்டாகியிருக்கும். வைக்கும் முன் கஞ்சி போல இருந்தது, வெளியே எடுக்கும்போது வடிநீர் போல ஓடும். நீர்த்த கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, உறைய வைத்து உலர்த்தி, பிறகு கிருமி நீக்கிய கரைசலில் தேவையான அளவுக்குக் கரைப்பதுதான் நல்ல வழி. அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை.

4% ஏன் வேண்டாம் என்றால், பாகு மாதிரி கெட்டியாகி செல்கள் சீராகக் கலக்காது. அழுத்தித் தள்ளும்போது ஊசிக்குள் செல்களும் நசுங்கும். அதுவும் போக, கால்சியம் வெளியிலிருந்து உள்ளே போவதால் முத்தின் தோல் இறுகி, நடு இளகலாகவே நிற்கும். எங்கும் ஒரே சீரான கூழ் வேண்டுமென்றால் கால்சியம் கார்பனேட் பொடியை ஆல்ஜினேட்டிலேயே கலந்து, அதன் மேல் ஜிடிஎல் என்ற மெதுவாக அமிலமாகும் பொருளைச் சேருங்கள். மோல் கணக்கில் கார்பனேட் ஒன்றுக்கு ஜிடிஎல் இரண்டு. கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே விடுபடும், அமிலத்தன்மையும் நடுநிலைக்கு அருகிலேயே நிற்கும்.

உங்களைத் திணறடிக்கும் இந்தக் குறையேதான் மருத்துவமனையில் பயன்படுகிறது. நீர் வடியும் புண்ணில் வைக்கும் கால்சியம் ஆல்ஜினேட் கட்டுத்துணியில், புண்நீரின் சோடியம் நாரிலுள்ள கால்சியத்தை வெளியேற்றும். நார் ஊறிக் கூழாகிவிடுவதால் பிரித்தெடுக்கும்போது புண் அதிகம் கிழிபடாது.

அடுத்தது உருண்டைச் செல்கள். உருண்டை என்றால் சாவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கால்சீன், எத்திடியம் ஹோமோடைமர் சாயங்கள் போட்டுப் பாருங்கள்: உயிருள்ளது பச்சை, செத்தது சிவப்பு. முத்தின் ஓரம் பச்சையாகவும் நடு சிவப்பாகவும் இருந்தால் மூச்சுத்திணறல்தான் காரணம். உடலில் பெரும்பாலான செல்கள் ஏதாவது ஒரு தந்துகியிலிருந்து (மிக மெல்லிய இரத்தக் குழாய்) 200 மைக்ரானுக்குள் இருக்கின்றன. சாதாரண ஊசியில் சொட்டும் முத்து 2, 3 மில்லிமீட்டர் வரும், நடுவில் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எப்படிப் போய்ச் சேரும்? மெல்லிய ஊசிக்கு மாறுங்கள், செல் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

எங்கும் பச்சை என்றால் செல்கள் நலம், பிடித்துக்கொள்ளத்தான் கொம்பு இல்லை. நம் செல்களின் இன்டெக்ரின்கள் (செல்லின் பற்றுக்கைகளான புரதங்கள்) பற்றும் இடம் எதுவும் ஆல்ஜினேட்டில் கிடையாது. இது எல்லோருக்கும் குறையும் அல்ல. குருத்தெலும்புச் செல்களுக்கு உருண்டை வடிவம்தான் இயல்பு, தட்டில் பரவினால் குணம் மாறிவிடும்; ஆல்ஜினேட்டில் அவை தம் குணத்தோடு இருக்கும். 1980இல் லிம், சன் என்ற ஆய்வாளர்கள் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை ஆல்ஜினேட் உறைக்குள் வைத்து, நீரிழிவுள்ள எலிகளில் இரண்டு மூன்று வாரம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள். அங்கே எந்தச் செல்லும் பரவ வேண்டியிருக்கவில்லை.

ஃபைப்ரோபிளாஸ்ட் பரவியே ஆகவேண்டும் என்றால் இன்டெக்ரின் பற்றிக்கொள்ளும் ஆர்ஜிடி என்ற சிறு பெப்டைடு பிணைத்த ஆல்ஜினேட் வாங்குங்கள், அல்லது முதல் வகைக் கொலாஜன் கலந்து பாருங்கள். வெறும் ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிக் கசிந்துவிடும். ஆர்ஜிடி போட்டாலும் உள்ளே நடந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். இந்த வலையின் கண்கள் சில நானோமீட்டர்கள்தான், பாலூட்டிகளிடம் ஆல்ஜினேட்டை வெட்டும் நொதியும் இல்லை. செல் கையை நீட்ட வேண்டுமானால் கூழ் விட்டுக்கொடுக்க வேண்டும். சங்கிலி நீளம் குறைந்த, அழுத்தத்துக்குச் சீக்கிரம் தளர்கிற ஆல்ஜினேட் கூழ்களில் செல்கள் நன்றாகப் பரவுவதை 2016இல் காட்டியிருக்கிறார்கள். கெட்டியாக்கினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணத்துக்கு இது நேரெதிர்.

கடைசியாகக் கட்டக்கோரை. ஆசை நியாயமானதுதான், ஆனால் செல் வேலைக்கு இப்போது வேண்டாம். அதைத் தனி அத்தியாயமாக வையுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே போய் நீங்களே பறிக்க முடியாது. உலர்ந்த சரக்கை வியாபாரிகளிடம் வாங்கலாம். நீர்த்த அமிலத்தில் அலசி, சோடியம் கார்பனேட்டில் சூடாக்கி, வடிகட்டி, எத்தனாலில் வீழ்த்தினால் ஆல்ஜினேட் வந்துவிடும். கூடவே பாலிஃபீனால், புரதம், எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு), பாசி உறிஞ்சி வைத்த கன உலோகம் எல்லாம் வரும். பொடி பழுப்பாக இருந்தால் செல்லுக்குப் போடாதீர்கள். வெளுப்பாக இருந்தாலும் எண்டோடாக்சின் கண்ணுக்குத் தெரியாது. ஜி, எம் விகிதம் பாசிக்குப் பாசி, பருவத்துக்குப் பருவம் மாறும், அதை அறிய என்எம்ஆர் என்ற காந்த நிறமாலைக் கருவி வேண்டும். நார்வேக் கரையின் லாமினேரியா என்ற பழுப்புப் பாசித் தண்டில் ஜி மிகுதி, கூழ் விறைப்பாக வரும். உங்கள் கட்டக்கோரையும் அப்படியே நடந்துகொள்ளும் என்று எண்ணாதீர்கள்.

அடுத்த வாரம் செல்லே இல்லாமல் முத்துகள் செய்து மூன்று கிண்ணங்களில் போடுங்கள். ஒன்றில் பிபிஎஸ், ஒன்றில் வெறும் டிஎம்இஎம், ஒன்றில் கால்சியம் கூட்டிய டிஎம்இஎம். தினமும் ஈரத்தை ஒற்றியெடுத்து எடை போட்டு, ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தோடு எழுதுங்கள், ஆர்ஜிடி வாங்கலாமா என்று அப்புறம் பார்ப்போம்.