17 நாளில் ஒரு நாசகாரி: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம். 1941-ல் ஜப்பான் தாக்கிய ஹவாய்த் துறைமுகமான பேர்ல் ஹார்பரில் அமெரிக்கர்களின் முதல் குண்டைச் சுட்டது 'வார்ட்' என்ற நாசகாரி (டெஸ்ட்ராயர் என்ற வேகப் போர்க்கப்பல்) என்று எழுதியிருந்தீர்கள். அதை 17 நாளில் கட்டினார்கள் என்கிறார்களே, நம்பலாமா? சுட்டதற்கு ஆதாரம் உண்டா?
முரளி, கரூர்

அன்புள்ள முரளி,

17 நாள் என்பது பாதி உண்மை. கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் தளத்தில் 1918 மே 15-ல் ஏரா (கப்பலின் அடிமுதுகெலும்பு) வைத்து, ஜூன் 1-ல் தண்ணீரில் இறக்கினார்கள். ஆனால் ஏரா வைக்கும் முன்பே தகடுகளை வெட்டி, ரிவெட்டுக்குத் துளை போட்டு, தடுப்புச் சுவர்களைத் தரையிலேயே கோத்து வைத்திருந்தார்கள். ஜூன் 1-ல் மிதந்ததும் வேலை முடியாத கப்பல்தான். கடற்படையில் சேர்ந்தது ஜூலை 24-ல், ஏரா வைத்த 70-ஆம் நாள். 35 நாட் (மணிக்கு சுமார் 65 கி.மீ.) வேகமும் சுமார் 1,200 டன் எடையும் கொண்ட கப்பலுக்கு அதுவே அசுர வேகம். மிகைப்படுத்தத் தேவையே இல்லை. இவ்வளவு அவசரப்பட்டும், நவம்பரில் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. 1921-ல் ஓரங்கட்டிய கப்பலை 1941 ஜனவரியில்தான் திரும்ப எடுத்தார்கள்.

அந்த டிசம்பர் 7 காலை, 'அன்டாரிஸ்' கப்பலின் பின்னாலேயே ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி துறைமுகத்துக்குள் நுழையப் பார்த்தது. 6.45-க்கு வார்டின் 1-ஆம் எண் பீரங்கி சுட்டது. குண்டு மேலே பறந்துவிட்டது. 3-ஆம் எண் பீரங்கி சுமார் 50 கெஜத்தில் சுட்டது, நீர்மூழ்கியின் மேலே நிற்கும் கோபுரத்தின் அடியிலேயே பட்டது. அது மூழ்கும்போது ஆழ்நீர்க் குண்டுகளையும் போட்டார்கள். வார்டின் கேப்டன் அவுட்டர்பிரிட்ஜ் பொறுப்பேற்று இரண்டே நாள். 6.53-க்கே தகவல் அனுப்பிவிட்டார். சங்கேதத்தைப் பிரிப்பது, போனில் ஆளைப் பிடிப்பது, 'உறுதிப்படுத்துங்கள்' என்பது என்று கரையில் நேரம் போயிற்று. 7.55-க்கு ஜப்பானிய விமானங்கள் வந்துவிட்டன.

ஆதாரம் 2002 ஆகஸ்டில் கிடைத்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நீர்மூழ்கிகள் சுமார் 400 மீட்டர் ஆழத்தில் அந்தக் குட்டியைக் கண்டன. டார்பிடோ இரண்டும் உள்ளேயே இருந்தன. கோபுரத்தின் வலப்பக்கத்தில் குண்டு துளைத்த ஓட்டை.

வார்டை 1943-ல் துருப்புக் கப்பலாக மாற்றினார்கள். முன் கொதிகலன்களும் அவற்றின் புகைபோக்கிகளும் போய், வீரர்களுக்கு இடம் வந்தது. டார்பிடோ குழாய்கள் இருந்த இடத்தில் தரையிறங்கு படகுகள். 1944 டிசம்பர் 7-ல் பிலிப்பைன்ஸின் ஓர்மாக் விரிகுடாவில் தற்கொலை விமானம் மோதியது. தீ அடங்காததால், அமெரிக்க நாசகாரி 'ஓ'பிரையன்' சுட்டு மூழ்கடித்தது. அதன் கேப்டனும் அவுட்டர்பிரிட்ஜ்தான்! கதைக்காகச் சேர்த்ததல்ல, பதிவிலேயே இருக்கிறது.

3-ஆம் எண் பீரங்கி முன்பே கழற்றப்பட்டதால் தப்பியது. வார்டின் மாலுமிகளில் பலர் மினசோட்டா மாநிலத்தின் கடற்படை ரிசர்வ்காரர்கள் (போர் வந்தால் அழைக்கப்படும் வீரர்கள்) என்பதால், அதை அங்கே செயின்ட் பால் நகரில் வைத்திருக்கிறார்கள்.