டென்னிஸ் உதவித்தொகையை நம்பி மகனை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: கோவையில் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். மாநில அளவில் டென்னிஸ் ஆடும் என் மகன் கணினி அறிவியல் படிக்க விரும்புகிறான். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துள்ளது. இரண்டிலும் ஆண்டுச் செலவு சுமார் 60,000 டாலர். டிவிஷன் 2 (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இரண்டாம் அடுக்கு) கல்லூரி விளையாட்டு உதவித்தொகையாக 60 சதவீதம் தருகிறது. டிவிஷன் 3 (மூன்றாம் அடுக்கு) கல்லூரி மதிப்பெண்ணுக்காக 50 சதவீதம் தருகிறது. எங்கள் சேமிப்பு 45 லட்சம் ரூபாய். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் கல்லூரிக்கு நீங்கள் ஆண்டுக்கு 21.6 லட்சம் ரூபாயும் இரண்டாவதற்கு 27 லட்சமும் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுகளில் 21.6 லட்சம் மிச்சமாகும் என்பதால் மனம் முதல் கல்லூரியின் பக்கம் சாய்வது இயல்பே. இருந்தும் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

விளையாட்டு உதவித்தொகைகளில் பல, ஓராண்டுக்கென்றே எழுதப்பட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. தோள்பட்டைக் காயத்தாலோ, புதிதாக வந்த பயிற்சியாளர் வேறொருவரை விரும்பியதாலோ ஓராண்டு மட்டும் அது நின்றுபோனால், நீங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியது 36,000 டாலர், அதாவது 32.4 லட்சம் ரூபாய். நான்காண்டு மிச்சத்தை அந்த ஓராண்டே விழுங்கிவிடும். டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை; அங்கு கிடைப்பது படிப்புக்கான பணம் என்பதால், கல்லூரி கேட்கும் மதிப்பெண் சராசரியைக் காத்துவரும் வரை, மகன் மட்டையைக் கீழே வைத்துவிட்டாலும் அது தொடரும். ஆட விரும்பினால் அங்கும் அணி உண்டு.

அடுத்தது நேரம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி டிவிஷன் 2-இல் போட்டிப் பருவத்தில் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சவரம்பு என்றாலும், பயண நேரம் அந்தக் கணக்கில் வராது. மாலைப் பயிற்சியோடு ஆய்வக வகுப்பு மோதுவதால் எளிய பாடத்துக்கு மாறிவிடும் மாணவர்கள் உண்டு. அந்த மாற்றம் உங்கள் கடன் கணக்கையே மாற்றிவிடும். இன்றைய விதிப்படி எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவர்கள் பட்டம் பெற்றபின் 12 மாதங்கள் அங்கே வேலை செய்யலாம். கணினி அறிவியல் போன்ற அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதங்கள் நீட்டிப்பு கிடைக்கும். டாலரில் சம்பாதித்துக் கடனை அடைக்க அந்த 36 மாதங்களைத்தான் நீங்கள் நம்பியிருக்கிறீர்கள்; பாடம் மாறினால் அந்த நீட்டிப்பு கைநழுவிப் போகலாம்.

இந்திய டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆண்டுகளில் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்று, பிறகு தொழில்முறை ஆட்டக்காரரானார். ஆனால் அது முதல் அடுக்கான டிவிஷன் 1. அதை வைத்து உங்கள் மகனின் கடனுக்குத் திட்டமிட முடியாது. வீரர்கள் அங்கே பெறும் விளம்பர வருமானத்தையும் சேர்க்காதீர்கள், எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு அது விசாவையே பாதிக்கக்கூடும்.

இரண்டாவது கல்லூரிக்கு மொத்தம் 1.08 கோடி ரூபாய் ஆகும். சேமிப்பு முழுவதையும் போட்டாலும் 63 லட்சம் கடன் தேவைப்படும். அவ்வளவு தொகைக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். வீட்டைக் கொடுக்கலாம், பட்டறையைக் கொடுக்காதீர்கள். மகன் சம்பாதிக்கத் தொடங்கும் வரை கடனைத் தாங்கும் வருமானம் பட்டறையிலிருந்துதான் வர வேண்டும். சொந்தப் பணத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் கல்விக்கென அனுப்பினால், மிகுதித் தொகைக்கு வங்கி டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் பிடிக்காது. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

மகனுக்கு முதல் கல்லூரிதான் வேண்டுமென்றால், காயம்பட்டால் உதவித்தொகை என்னவாகும், எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்திடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் கேளுங்கள். பயிற்சியாளர் தொலைபேசியில் சொன்னதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.