கேலிபர் பின் இறுகினால் அசெம்பிளியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள 9 வருடக் கார். தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். சில நாட்களாக இடது முன்சக்கரத்தில் கருகிய நாற்றம். வீட்டிலேயே பிரேக் பேட் மாற்றிவிடலாம் என்று கழற்றினேன். உள்பக்கப் பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கேலிபர் வழுக்கி நகர்வதற்கான பின் (உருண்டைக் கம்பி) இரண்டில் மேலே உள்ளது வழுக்கி வருகிறது, கீழே உள்ளது அசையவே இல்லை. சுத்தியலால் தட்டியும் பார்த்தேன். பட்டறையில் கேட்டால் இரண்டு பக்கமும் கேலிபர் அசெம்பிளியை, அதாவது கேலிபரை முழுதாகவே, மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். பின்னின் தலை நசுங்கிவிட்டால் அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது.

உங்கள் பேட் தேய்ந்திருக்கும் விதமே கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது. உங்கள் காரின் கேலிபரில் பிஸ்டன் ஒன்றுதான், அது உள்பக்கப் பேடை மட்டும் தள்ளும். வெளிப்பக்கப் பேட் டிஸ்க்கைப் பிடிக்க வேண்டுமானால் கேலிபர் மொத்தமும் அந்த இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வர வேண்டும். ஒரு பின் இறுகினால் கேலிபர் நகராது, உள் பேட் மட்டும் உரசிக்கொண்டே கிடக்கும். இதற்குத் தீர்வு ஒரு பின், பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் இரண்டு, கொஞ்சம் சரியான கிரீஸ். சில நூறு ரூபாயில் முடியும். அசெம்பிளி என்றால் பல ஆயிரம். எல்லாப் பட்டறையும் ஒன்றல்ல, ஆனால் உதிரிபாகக் கடை பில் தொகைக்கு ஏற்ப மெக்கானிக்குக் கமிஷன் தரும் பழக்கம் இருக்கும்வரை சின்னக் கோளாறுக்கும் பெரிய பாகம்தான் எழுதித் தருவார்கள். கழற்றிய பின்னைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

இனி வேலை. ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், செங்கல் வேண்டவே வேண்டாம். கேலிபரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டிவிடுங்கள். பின் மாட்டியிருக்கும் பிராக்கெட்டையும் கழற்றி வைஸில் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ரப்பர் பூட்டைப் பின்னின் பள்ளத்திலிருந்து விலக்கி, இடுக்கில் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து அரைமணி நேரம் விடுங்கள். பிறகு இழுக்காதீர்கள், திருப்புங்கள். இந்த ஒன்றில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பின்னின் தலையில் ஸ்பேனர் பிடிக்க இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். அதில் ஸ்பேனரை மாட்டி இடம் வலமாக மயிரிழை அளவு அசையுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு 'கிறீச்' என்று ஒரு சத்தம், இடுக்கில் செம்பழுப்புக் குழம்பு கசியும். மறுபடி ஸ்பிரே, மறுபடி அசைவு. முழுச் சுற்று சுற்ற ஆரம்பித்த பிறகு, போல்ட்டைப் பின்னில் நாலு மரை ஏற்றிக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு சுற்றியபடியே வெளியே இழுங்கள். அப்போதும் அடம்பிடித்தால் பூட்டை முழுதாக எடுத்துவிட்டு, ஸ்பிரேயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிராக்கெட்டை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சூடேற்றுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடு காட்டவே கூடாது. சில வகைக் கிளீனர் சூட்டில் விஷவாயுவாக மாறும்.

வெளியே வந்த பின்னைப் பாருங்கள். உப்புக்காற்று கிழிந்த பூட் வழியாகப் போய்த் துருப்பிடித்ததா, அல்லது கறுப்புப் பிசின் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? பிசின் என்றால் முன்பு யாரோ சாதாரண கிரீஸ் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பேரிங்கிற்கு வைக்கும் டப்பா கிரீஸைக் கேலிபர் பின்னில் வைக்காதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊறிப் பருத்துவிடும். பல கார்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். அது பருத்தாலே போதும், துருவே இல்லாமல் பின் இறுகும். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோலில் கழுவுவதும் இதே கேடுதான். பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் சின்ன டியூபாகக் கிடைக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். "எல்லாம் ஒரே கிரீஸ்தான் சார்" என்று சொல்லும் கடையிலிருந்து இறங்கிவிடுங்கள்.

பின்னில் குழி விழுந்திருந்தால் புதிது போடுங்கள். துளையைப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யலாம், டிரில் விடக்கூடாது. கிரீஸ் மெல்லிய பூச்சுதான். அப்பி வைத்தால் உள்ளே காற்று அடைபட்டு, பின்னை அழுத்தினாலும் அது மெல்லத் திரும்பி வரும். அப்படி வந்தால் பூட்டின் உதட்டை விரலால் கொஞ்சம் தூக்கிக் காற்றை விடுங்கள். மேல் பின்னையும் கீழ் பின்னையும் இடம் மாற்றிவிடாதீர்கள்.

அடுத்து பிஸ்டன். பழைய பேடை வைத்து சி கிளாம்பால் மெதுவாக அழுத்தினால் உள்ளே போக வேண்டும். அப்போது மேலே டேங்கில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். பிஸ்டன் போகவில்லை அல்லது அதன் பூட்டுக்குள் ஈரம் இருக்கிறது என்றால் வீட்டில் தொடாதீர்கள். பஞ்சர் கடைக் காற்றை விட்டு வெளியே தள்ளும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் தொழில் பழகிய பட்டறையில் அப்படிச் செய்த பையனின் விரல் நகத்தோடு நசுங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

உங்கள் காருக்குப் பொருந்தாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு அடுத்தவர் காரில் கை வைப்பீர்கள். பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட்பிரேக் கேபிள் அந்தக் கேலிபருக்கே போனால், அதன் பிஸ்டனை அழுத்தக் கூடாது. பிஸ்டன் முகத்தில் வெட்டுப்பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளத்தில் பிடித்துத் திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே மரை இருக்கிறது. கிளாம்ப் போட்டு நெரித்தால் ஹேண்ட்பிரேக் பொறி உடையும், அப்போது நிஜமாகவே அசெம்பிளிதான். நல்ல கேலிபர்களை இப்படி உடைத்துவிட்டு "ஜாம் ஆயிருந்துச்சு" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் திருகுங்கள், அழுத்தாதீர்கள்.

நம் நாட்டில் சொந்தக் காரின் புகையை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள். பிரேக்கை அரசு பார்ப்பது 15 வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான். அதுவரை யார் பார்ப்பது? கடலோரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு சர்வீஸிலும் "பின்னைக் கழற்றி கிரீஸ் வையுங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள், கூடவே நின்று பாருங்கள்.

பேட் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். எல்லாம் மாட்டியபின் காரை நகர்த்தும் முன்பே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதிகளில் பெடல் தரைவரை போகும். அது தெரியாமல் வண்டியை எடுத்து எதிர்ச்சுவரில் மோதியவர்கள் உண்டு.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு முன்சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டுங்கள். இடது மட்டும் இன்னும் அனலடித்தால், ஆறவிட்டு, சக்கரத்தைத் தூக்கி, அது இறுகியிருக்கும்போதே ப்ளீடர் நிப்பிளை (கேலிபரில் காற்று எடுக்கும் சின்னத் திருகை) கொஞ்சம் திறந்து பாருங்கள். உடனே சக்கரம் லேசாகச் சுற்றினால் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஹோஸை மாற்றி, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுத்துவிட்டால் போதும். அப்போதும் அசெம்பிளி வேண்டாம்.