பத்துமலையைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள்

கேள்வி: நான் அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் கணவரும், 76 வயதான மாமியாரும், பதினேழு வயது மகனும் பத்து நாள் பயணமாகப் போகவிருக்கிறோம். இடையில் இரண்டு நாள் கோலாலம்பூர் சென்று பத்துமலை முருகனைத் தரிசிக்க வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. பேருந்திலேயே போய் வந்துவிடலாம் என்கிறான் மகன். முழங்கால் வலியோடு அவரை அலைக்கழிக்க வேண்டாம், எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் மலேசிய நகரமான ஜொகூர் பாருவைப் பார்த்தால் போதும் என்கிறார் மாப்பிள்ளை. விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதால் உங்கள் சிக்கலில் பாதி அப்போதே தீர்ந்துவிட்டது. மகன் சொல்வது, மாப்பிள்ளை சொல்வது இரண்டுமே கோலாலம்பூர் போனால் சிங்கப்பூருக்குத் திரும்பியாக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவை. திரும்ப வேண்டிய தேவையே இல்லை. மதுரையிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்குப் போங்கள்; மகள் வீட்டில் ஏழு நாள் இருங்கள்; கடைசி மூன்று நாளை மலேசியாவுக்கு ஒதுக்கி, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறிவிடுங்கள். கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் இடையே நேரடி விமானங்கள் இருக்கின்றன. திருச்சியில் இறங்கினால் காரில் மூன்று மணி நேரத்தில் திருமங்கலம்.

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, நடுவே இருக்கும் எல்லைதான் பெரிது. பேருந்தில் போகிறவர்கள் சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியில் ஒரு முறையும், பாலத்தைக் கடந்ததும் ஜொகூர் பாருவில் பெட்டி படுக்கையோடு இன்னொரு முறையும் இறங்கி, படியும் நடையுமாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். தாமதமானால் வந்த பேருந்து காத்திராமல் போய்விடுவதும் உண்டு. அங்கிருந்து திரும்புவதாக இருந்தால் இதையே மறுபடியும் செய்ய வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை இரண்டு நாளுக்குள் இரு முறை இதற்கு உட்படுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த அளவில் மாப்பிள்ளையின் கவலை நியாயமானதே. ஆனால் பத்துமலையை நினைத்துக்கொண்டிருக்கும் அத்தையை ஜொகூர் பாருவின் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவது, அழகர்கோயிலுக்கு என்று கிளம்பியவரை மாட்டுத்தாவணியில் இறக்கிவிடுவது போலாகும்.

எல்லையைக் கடக்க, இரு நாட்டிலும் ஓட்டுவதற்கு உரிமம் பெற்ற வாடகை வேனை மாப்பிள்ளை மூலம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அத்தகைய வேனில் வருபவர்கள் பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்தபடியே கடவுச்சீட்டைக் கொடுத்து குடிநுழைவுச் சோதனையை முடித்துக்கொள்ளலாம். பேருந்தைவிடச் செலவு கூடும். பயணத்தில் வேறெங்காவது சிக்கனம் பிடித்தாவது இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரையும், சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை வரும் ஜூன், டிசம்பர் மாதங்களிலும் பாலத்தில் நெரிசல் அதிகம். செவ்வாய் அல்லது புதன் காலையில் கிளம்புவது உத்தமம்.

அன்றே கோலாலம்பூர் போய்ச் சேர வேண்டாம். சுமார் 240 கிலோமீட்டரில், வழியிலேயே மலாக்கா இருக்கிறது. முதல் இரவு அங்கே தங்குங்கள். 1511இல் போர்த்துக்கீசியரும் 1641இல் டச்சுக்காரர்களும் கைப்பற்றிய இந்தத் துறைமுக நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பழைய நகரம் சிறியது, பெரும்பாலும் சமதளம். அத்தை அதிகம் நடக்க வேண்டியிருக்காது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. பள்ளிவாசலும் சீனர் கோயிலும் அதே தெருவில் சில அடி தூரத்தில் உள்ளன. போர்த்துக்கீசியருக்கும் முன்பே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகளின் கோயில் இந்த விநாயகர் கோயில். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். உங்கள் மகனுக்குக் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைவிட இந்த ஊர் நெடுநாள் நினைவில் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, அவன் இப்போது ஒப்புக்கொள்ள மாட்டான்.

மறுநாள் இரண்டு மணி நேரப் பயணத்தில் கோலாலம்பூர். பத்துமலையைப் பற்றி அத்தையிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். குகைக் கோயிலுக்கு 272 படிகள் ஏற வேண்டும். பழமுதிர்சோலைக்குப் போவதுபோல் வண்டியில் மேலே போய்விட முடியாது. ஆனால் 2006இல் திறக்கப்பட்ட முருகன் சிலை, ஏறத்தாழ 140 அடி உயரத்தில், படிக்கட்டின் அடியிலேயே நிற்கிறது. தரைமட்டத்திலும் சன்னிதிகள் உண்டு. கீழேயிருந்து வணங்கிக்கொள்ள அவர் மனம் இசைந்தால் போகலாம். மேலே ஏறியே தீருவேன் என்றால், அங்கே போய் வாதாடுவதைவிட இங்கேயே பேசி முடிப்பது நல்லது. வெயில் ஏறுவதற்குள் காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். பழமோ தின்பண்டமோ கையில் தெரிந்தால் குரங்குகள் பிடுங்கும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இனித் தாள்கள். இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது; உங்கள் பயணம் அதற்குப் பின் அமைந்தால் சீட்டு எடுக்கும் முன் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். இரு நாட்டுக்கும் வருகை அட்டையை இணையத்தில், நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று. சிங்கப்பூரிலிருந்து வெளியேறுவதற்குச் சான்றாகத் திருச்சிச் சீட்டின் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும்.

மகனின் கடவுச்சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்குரிய கடவுச்சீட்டு ஐந்து ஆண்டு அல்லது பதினெட்டு வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். இரு நாடுகளுமோ ஆறு மாத மீதக் காலத்தை எதிர்பார்க்கின்றன. அவன் பதினெட்டை நெருங்குவதால் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். பதினைந்து வயது நிறைந்தவர்கள் பத்து ஆண்டுக்கே விண்ணப்பிக்கலாம்.

மகளுக்காக அரைத்து எடுத்துப்போகும் மசாலாப் பொடியில் கசகசா சேர்க்காதீர்கள். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் தடுப்புத் துறையின் பட்டியலில் இருக்கிறது. கறிக்குழம்புக்கு முந்திரியை அரைத்து ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.